ஆயிரத்து முந்நூறாவது ரிவெட்

திருச்சிக்கு அருகே துவாக்குடியில், ஒரு சிறிய பயிற்சிக் கூடத்தில், உலோகத்தை உடைக்காமல் அதற்குள் இருக்கும் விரிசலைத் தேடக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு அணிக்கும் முதல் நாள் காட்டுவது ஒரே படத்தைத்தான். ஹவாய்த் தீவுகளில் கஹுலுயி விமான நிலைய ஓடுபாதையில் ஒரு போயிங் 737 நிற்கிறது. மூக்குப் பகுதி இருக்கிறது, இறக்கைகள் இருக்கின்றன, வால் இருக்கிறது. விமானி அறைக்குப் பின்னால் சுமார் 18 அடி நீளத்துக்குக் கூரையும் இல்லை, பக்கச் சுவரும் இல்லை. வெட்டவெளியில் இருக்கைகள் வரிசையாகத் தெரிகின்றன. 1988 ஏப்ரல் 28, அலோஹா ஏர்லைன்ஸ், பறத்தல் எண் 243. 24,000 அடி உயரத்தில் கூரை பிய்ந்துபோன பிறகும், வந்து இறங்கும்வரை சுமார் 13 நிமிடங்கள் அந்த இருக்கைகளில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தைக் காட்டிவிட்டு நான் சொல்வதும் பல ஆண்டுகளாக ஒன்றுதான்: "இந்த விமானத்தைச் சோதித்தவர்கள் இருந்தார்கள். கையில் கருவி இருந்தது. கண் இருந்தது. விரிசலும் இருந்தது. ஆனால் அவர்கள் பார்க்கவில்லை. நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்." இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். அந்த விபத்தில் இறந்தவர் ஒரே ஒருவர்: கிளாராபெல் லான்சிங் என்ற பணிப்பெண். 58 வயது. 37 ஆண்டுகள் அதே நிறுவனத்தில் வேலை செய்தவர். பயணிகளுக்குப் பானம் கொடுத்துக்கொண்டு ஐந்தாவது வரிசை அருகே நின்றிருந்தார். பயணிகள் இருக்கைப் பட்டை போட்டிருந்ததால் பிழைத்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள்.

சென்ற அணியில் ஒருவன் பேசினான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த புதுக்கோட்டைப் பையன், அதிகம் வாய் திறக்காதவன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றான். "சார், எத்தனை ரிவெட் பார்க்க வேண்டியிருந்தது அவர்களுக்கு?" விமானத்தின் தகடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஆணிதான் ரிவெட். "கண்ணால் மட்டுமே சுமார் 1,300" என்றேன். "கடைசி ரிவெட்டையும் முதல் ரிவெட்டைப் பார்த்த மாதிரியே பார்க்க முடியுமா சார்? நீங்களாக இருந்தால் கண்டுபிடித்திருப்பீர்களா?"

"கண்டுபிடித்திருப்பேன்" என்றேன். தயங்காமல் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று மாலை வண்டியில் வீடு திரும்பும்போதே அந்தப் பதில் என்னை அரிக்கத் தொடங்கிவிட்டது. நன்றாக யோசித்துச் சொன்ன பதிலாக இருந்தால் இப்படி அரித்திருக்காது.

கட்டுக்கம்பியை ஒடிப்பது போல

கட்டட வேலையில் கட்டுக்கம்பியை வெட்ட யாரும் கத்தி தேடுவதில்லை. அங்கும் இங்கும் நாலு முறை மடக்கினால் ஒடிந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி, மடக்கி மடக்கிக் களைத்துப்போய் உடைகிறது. விமானத்தின் உடலுக்கு நடப்பதும் இதுதான், ஆனால் மிக மெதுவாக. மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது, உடல் பலூன் போலக் கொஞ்சம் உப்புகிறது. கீழே இறங்கும்போது தளர்கிறது. ஒரு பறத்தலுக்கு ஒரு உப்பல். முழு உயரத்தில் உள்ளழுத்தம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஐந்து டன்னுக்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கும் அலுமினியத் தகட்டின் தடிமன் அந்த விமானத்தில் 0.9 மில்லிமீட்டர்தான்.

எனவே விமானத்தின் வயதை ஆண்டுகளில் கணக்கிட்டுப் பயனில்லை. எத்தனை முறை உப்பித் தளர்ந்தது என்பதுதான் வயது. அலோஹா விமானம் 1969-ல் பிறந்தது. 19 ஆண்டுகளில் 35,496 மணி நேரம் பறந்திருந்தது, இது பெரிய கணக்கில்லை. ஆனால் பறத்தல்களின் எண்ணிக்கை 89,680. வகுத்துப் பார்த்தால் பறத்தலுக்கு சராசரி 24 நிமிடம். தீவுக்குத் தீவு தாவும் டவுன் பஸ் மாதிரி ஓடிய விமானம் அது. 75,000 பறத்தல் என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்ட வகையில், உலகிலேயே இரண்டாவது அதிக எண்ணிக்கை அதற்குத்தான். சின்னத் தாவல்களில் எப்போதும் முழு அழுத்தம் ஏறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தாவலும் கடலின் உப்புக்காற்றில்.

இன்னொரு குறை அதன் பிறப்பிலேயே இருந்தது. உடலின் தகடுகள் ஒன்றின் விளிம்பின்மேல் இன்னொன்று ஏறிப் படியும் இடத்தில், ஆரம்பகால 737-களில் பசைத் துணி வைத்து ஒட்டி, அதன்மேல் மூன்று வரிசை ரிவெட் அடித்தார்கள். பாரத்தைத் தகட்டுக்குத் தகடு கடத்தும் வேலை பசைக்குத்தான். அந்தப் பசை குளிரூட்டி வைத்திருந்து எடுத்து ஒட்டப்படுவது. ஈரம் சேர்ந்துவிட்ட இடங்களில் பிடிப்பு நிற்கவில்லை. பசை விட்டதும் பாரம் முழுவதும் ரிவெட் துளைகளுக்கு வந்தது. ரிவெட் தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாக உட்கார, துளையின் வாயைக் கூம்பாகக் குடைவார்கள். தகடு மெல்லியது என்பதால் அந்தக் குடைவு தகட்டின் அடிவரை போய், துளையின் விளிம்பு கத்தி முனையாகிவிட்டது. விரிசல் தொடங்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அடுத்தடுத்த துளைகளில் சின்னச் சின்ன விரிசல்கள், தனியாக எடுத்தால் எதுவுமே ஆபத்தில்லாத அளவில், ஒரே வரிசையில் வளர்ந்தன. ஒருநாள் கைகோத்தன. தகடு கிழிந்தாலும் பத்து அங்குலத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் பலப்படுத்தும் பட்டையில் கிழிசல் திரும்பி, சின்னக் கதவு போலத் திறந்து காற்றை விட்டுவிடும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. வரிசை முழுதும் ஏற்கெனவே களைத்திருந்ததால் கிழிசல் எங்கும் திரும்பவில்லை.

இவையெல்லாம் நான் பாடமாகவே நடத்துகிறவை. பையனின் கேள்விக்கு இதில் பதில் இல்லை.

கூரையிலிருந்து தொங்கிய கயிறு

அந்த வாரம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 1989-ஆம் ஆண்டு அறிக்கையை மறுபடி எடுத்தேன். என்னிடம் பல ஆண்டுகளாக இருப்பதுதான். படங்களுக்கும் விரிசல் அட்டவணைகளுக்கும் தேடிப் போயிருக்கிறேனே தவிர, சோதனை செய்த மனிதர்களைப் பற்றிய பக்கங்களைப் பொறுமையாகப் படித்ததில்லை.

முதல் அடி அங்கேயே விழுந்தது. அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-ல் பிறப்பித்த கட்டாய உத்தரவு, எஸ்-4 என்று எண்ணிடப்பட்ட, கூரைக்கு அருகிலுள்ள இணைப்பு வரிசைகளைத்தான் சோதிக்கச் சொன்னது. விமானம் கிழியத் தொடங்கியது இடப்பக்கம் எஸ்-10 வரிசையில், ஜன்னல்களுக்குச் சற்று மேலே. எல்லா இணைப்புகளையும் பார்ப்பது நல்லது என்று விமானத்தைக் கட்டியவர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். ஆனால் உத்தரவு அதைக் கட்டாயமாக்கவில்லை. இதை நான் ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் என் கதையின் கூர்மை மழுங்கிவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பராமரிப்பு முறை தோற்றது என்று வாரியம் தெளிவாகவே சொல்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தோல்வியைச் சுமக்க நான் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள், கருவியோடு மேலே ஏறிய ஆட்கள் மட்டும்தான்.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று அறிக்கை சொல்கிறது. பகலில் விமானம் பறந்து சம்பாதிக்க வேண்டும் என்பதால் சோதனை பெரும்பாலும் இரவில். சாரத்தில் ஏறி, விமானத்தின் முதுகில் நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். ஒரு கையில் பளிச்சென்ற விளக்கு. எடி கரண்ட் சோதனை, அதாவது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைத் தேடும் முறை என்றால், அதோடு புரோப் என்ற உணர்முனையும் மீட்டரும். முதுகின் வளைவில் சறுக்கி விழாமலிருக்க, சில நேரம் கொட்டகையின் உத்தரத்திலிருந்து கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். அப்படித் தொங்கிக்கொண்டு, ஒரு ரிவெட், அடுத்த ரிவெட், அதற்கடுத்த ரிவெட் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் மயிரிழை தேட வேண்டும். வெளிச்சமும் வெப்பநிலையும் சரியாகவே இருந்தாலும் இது சலிப்பூட்டும் வேலை என்று எழுதிவிட்டு, அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: பார்க்கப் பார்க்க எதுவும் அகப்படாதபோது, இனியும் அகப்படாது என்று எதிர்பார்க்கத் தொடங்குவது மனித இயல்பு.

அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அறிக்கையை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

19 ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் ஒரு மின்நிலையம். ஆண்டுப் பராமரிப்புக்காக ஒரு மின் உற்பத்தி அலகை நிறுத்தியிருந்தார்கள். நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கும் கண்டன்சரின் குழாய்களை எடி கரண்ட் முறையில் சோதிக்கும் வேலை எங்களுக்கு. ஆயிரக்கணக்கான குழாய்கள், தேன்கூடு மாதிரி. உதவியாளர் புரோப்பைக் குழாயின் மறுமுனைவரை செலுத்திவிட்டு ஒரே வேகத்தில் இழுப்பார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புள்ளி நடுவில் நின்றால் குழாய் நல்லது. துள்ளினால் சுவர் தேய்ந்திருக்கிறது, அல்லது விரிசல். நல்ல குழாய் என்றால் வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை. நான்காவது இரவு ஷிப்ட், மணி மூன்று இருக்கும். புள்ளி நடுவில் நின்றது. பச்சை. நின்றது. பச்சை. விடிந்து தேநீர் குடித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். எட்டு வரிசைகள் பச்சையாக இருந்தன. என் கையெழுத்துத்தான், என் பென்சில்தான். அந்த எட்டு வரிசைகளில் ஒரு குழாயைப் பார்த்த ஞாபகம்கூட எனக்கில்லை.

நான் தூங்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும், தூங்கியிருந்தால் பென்சில் கட்டத்துக்கு வெளியே போயிருக்கும். கண் திறந்திருந்தது, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "இந்த எட்டு வரிசையை மறுபடி பார்க்க வேண்டும்" என்று நான் சொல்லியிருக்கலாம். அன்று மதியம் மூடியை மாட்டப்போவதாக ஆட்கள் காத்திருந்தார்கள். சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து அந்தப் பகுதியில் ஒரு குழாய் ஒழுகியது. அடைப்பான் அடித்து மூடிவிட்டு அலகை ஓட்டினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, யாரும் என்னைக் கேட்கவுமில்லை. அந்த ஓட்டை நான் பார்த்த இரவில் இருந்ததா, பிறகு வந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பச்சைக் கட்டங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கு, ஹவாய்க்காரர்களைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

கண்ட ஒருவர்

அறிக்கையில் இன்னொரு மனிதரும் இருக்கிறார். அந்த விமானம் புறப்பட்ட ஹிலோ நகரில் அதில் ஏறும்போது, கதவுக்குச் சற்றுத் தள்ளி ரிவெட் வரிசையை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசலைத் தன் கண்ணால் பார்த்த பயணி. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பயிற்சி இல்லை, கருவி இல்லை, தேடவும் இல்லை. ஆனால் கண்டுவிட்டார். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் நமக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருக்கலாம். நம்மில் எத்தனை பேர் அப்படி நினைக்காமல் இருப்போம்? இரவெல்லாம் தேடியவருக்கு இருக்காது என்ற எதிர்பார்ப்பு. பகலில் கண்டவருக்கு இது பெரிதாக இருக்காது என்ற எதிர்பார்ப்பு. விரிசல் இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்துகொண்டிருந்தது.

நல்ல கருவி வந்தால் போதும் என்று என் தொழிலில் நம்புகிறவர்கள் நிறைய. கருவிகள் வந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றிப் பென்சில் முனைப் புரோப்பால் வட்டம் போடுவதற்குப் பதிலாக, வரிசை நெடுக வழுக்கிக்கொண்டு போகும் புரோப் வந்தது. ஆனால் அலோஹாவுக்குப் பிறகு நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, சோதிப்பவர்களையே சோதித்ததுதான். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் சாண்டியா ஆய்வகத்தில் 1990-களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு மையம் அமைத்தார்கள். எங்கே எவ்வளவு விரிசல் என்று முன்பே தெரிந்த தகடுகளை விமான நிறுவனங்களின் கொட்டகைகளுக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே வேலை செய்கிறவர்களை, அவர்களுடைய சொந்தக் கருவியோடு, அவர்களுடைய ஷிப்ட் நேரத்திலேயே பார்க்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் விடை மாறியது. கருவியின் பெட்டியில் அச்சடித்திருக்கும் திறன் ஒன்று. சாரத்தின்மேல் ஒரு மனிதனின் கையில் அது காட்டும் திறன் இன்னொன்று.

விமானத்தின் உடல் களைத்துக் கிழியும் என்ற பாடத்தை முதலில் படித்தது இங்கிலாந்து. 1954-ல் கோமெட் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடல் மீது அடுத்தடுத்துச் சிதறியபோது, ஃபார்ன்பரோவில் அதே வகை விமானம் ஒன்றின் உடலை ஒரு பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவது குமிழி பார்க்க. இங்கே தண்ணீர் வேறு வேலைக்கு. காற்று நிரப்பியிருந்தால் உடல் குண்டு போல வெடித்துச் சாட்சியெல்லாம் சிதறிவிடும், தண்ணீர் என்றால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். ஏற்கெனவே பறந்த 1,221 பறத்தல்களோடு சேர்த்து 3,057-வது சுற்றில் திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. பல ஆண்டுகள் உழைக்கும் என்று நம்பிய உடல். அங்கே யாரும் எதையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை, உலோகமே பதில் சொன்னது.

அதே வழியில்தான் பிறகு அமெரிக்கர்கள் போனார்கள். 1974-ல் இருந்து 1998 வரை சுமார் 59,500 முறை பறந்து ஓய்வு பெற்ற ஒரு போயிங் 727-ன் உடலிலிருந்து இணைப்புத் தகடுகளை அறுத்தெடுத்தார்கள். அறுப்பதற்கு முன் எல்லாக் கருவிகளாலும் சோதித்துக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ரிவெட்டுகளைக் கழற்றி, துளைகளைப் பிளந்து, நுண்ணோக்கியில் உண்மையைப் பார்த்தார்கள். சில தகடுகளை நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி அருகேயுள்ள சோதனைக் கூடத்தில் மாட்டி, வானத்தில் இருப்பது போலவே அழுத்தமும் இழுவையும் கொடுத்து மேலும் வயதாக்கினார்கள். கருவி சொன்னதும் உலோகம் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்பட்டன. 19 ஆண்டுகளாக எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

இதன் முடிவில் அமெரிக்காவில் 2010-ல் வந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய பயணிகள் விமானம் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை பறத்தல் அல்லது இத்தனை மணி நேரம் என்று எல்லை குறிக்க வேண்டும், அதைத் தாண்டினால் பறக்கக் கூடாது. எவ்வளவு நன்றாகச் சோதித்திருந்தாலும் கூடாது. காரணம் எளிது: வரிசை முழுதும் ஒரே நேரத்தில் பரவும் நுண்விரிசல்களை, அவை கைகோப்பதற்குமுன் கண்டுபிடித்துவிடலாம் என்று சோதனையை மட்டும் நம்பி இருக்க முடியாது. என் தொழிலைப் பற்றி அரசு ஒன்று எழுதிய மிக நேர்மையான வாசகம் என்று இதைச் சொல்வேன். உத்தரத்துக் கயிற்றில் தொங்கிய அந்த ஆளின் தோளிலிருந்து, ஒரு மனிதன் சுமக்க முடியாத பங்கை அது இறக்கி வைத்தது.

தட்டுகள்

புதுக்கோட்டைப் பையனிடம் மறுவாரம் சொன்னேன். "தம்பி, அன்றைக்கு நான் சொன்ன பதில் தவறு. எனக்குத் தெரியாது என்பதுதான் சரியான பதில்." மின்நிலையக் கதையையும் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். கை நடுங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு பயிற்சியை மாற்றினேன். அதுவரை தேர்வுத் தட்டில் விரிசல் உள்ள தகடு கட்டாயம் இருக்கும், பிள்ளைகளுக்கும் அது தெரியும். இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் நாள் அப்படியே ஒரு தகடு கொடுத்தேன், அணி முழுவதும் கண்டுபிடித்தது. அடுத்த மூன்று நாட்களும் காலையிலிருந்து மாலைவரை ஒன்றுமே இல்லாத தகடுகள், தட்டு தட்டாக. ஐந்தாம் நாள் மாலை, கடைசித் தட்டுக்கு முந்தைய தட்டில், முதல் நாள் எல்லோரும் கண்டுபிடித்த அதே தகட்டைத் திருப்பி வைத்தேன். பாதிப் பேருக்கு மேல் "நல்லது" என்று எழுதினார்கள். கேள்வி கேட்ட பையனும் அதில் ஒருவன். விடையைச் சொன்னதும் தகட்டைக் கையில் வாங்கி, நகத்தால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு புரோப்பை எடுத்து வைத்துப் பார்த்தான். புள்ளி நன்றாகவே மேலே துள்ளியது.

"சார், உங்களுக்கும் இதே மாதிரி வைக்கலாமா?" என்று கேட்டான்.

வைக்கச் சொன்னேன். இப்போது அவர்கள்தான் தட்டுகளை அடுக்குகிறார்கள். தினமும் காலை வகுப்புக்கு முன் நாற்பது தகடுகள் பார்க்கிறேன். இருபது தகட்டுக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன். இந்த மாதத்துக்குள் ஏதோ ஒரு நாள் ஒரு தகட்டில் இருக்கும், எந்த நாள் என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். ஏற்கெனவே போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று கேட்டால் பேசாமல் நிற்கிறார்கள். இன்று தேதி 19. இதுவரை எல்லாத் தகட்டுக்கும் "நல்லது" என்றுதான் எழுதியிருக்கிறேன். நேற்றைய தட்டில் முப்பத்து மூன்றாவது தகட்டைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. நாளை அதை மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.